சின்னதாய் ஒரு பிள்ளை

சிவகாமசுந்தரியின் காதில் அந்த வார்த்தை ஒலித்துக்கொண்டே இருந்தது. தலைப்பிரசவத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் துடித்துக் கிடந்தவளிடம் மருத்துவச்சி கைவிரித்துச் சொன்ன வார்த்தை.

"பிள்ளை ரொம்பப் பெருசு. சிக்கிக்கிச்சும்மா."

ஆண் பிள்ளை. கொழுகொழுவென்று பிறந்தான். அழாமலே மண்ணுக்குள் போனான்.

நாடே சுதந்திரத்துக்குக் காத்திருந்த 1957இல் அவள் மறுபடியும் கருவுற்றிருந்தாள். கணவன் தேவதாஸ் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு மளிகைக் கடையில் எடை போடுபவன். மாலையில் காஜா பேராங்கில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளில் ஈரலோ, முட்டையோ, முருங்கைக்கீரையோ தொங்கும். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அவளுடைய காலித் தட்டைப் பார்த்து மனம் குளிர்ந்து போவான், பாவம்!

தாய்சேய் நிலையத்தில் மிஸ்ஸி எனப்படும் தாதி சிவகாமசுந்தரியின் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, கூட வந்த தேவதாஸ் பக்கம் திரும்பினாள்.

"சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. வீட்டுல சோறு போடறீங்களா, இல்ல காத்தைக் குடிக்கச் சொல்றீங்களா?"

"மிஸ்ஸி, நான் பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், இவளுக்குப் போடாம இருப்பேனா?"

மிஸ்ஸி இரும்புச்சத்து மாத்திரையும் பால்மாவும் கொடுத்து அனுப்பினாள். சிவகாமசுந்தரி தலைகுனிந்தபடி வாங்கிக்கொண்டாள்.

வளைகாப்பில் பெண்கள், "வயிறே தெரியலையே, இவளா மாசமா இருக்கா?" என்று கேலி செய்தார்கள். அன்றுதான் அவள் முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது. ஆசையோடு ஊட்டிய கலந்த சாதத்தை மட்டும் கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

உண்மையை உடைத்தவள் பக்கத்து வீட்டு ஹலீமா.

"தம்பி, உன் பொண்டாட்டி ஈரல் பொரிச்சா தெருவே மணக்குது. ஆனா தினம் எங்க வீட்டுக்கே கொடுத்துட்டா அவ என்னத்தைத் தின்றா? மசக்கைன்னு சொல்றா. எட்டு மாசமாவா மசக்கை?"

தேவதாஸ் வீட்டுக்குள் பாய்ந்தான். தட்டில் சோற்றைப் போட்டு, ஈரலை வைத்து, அவள் முன்னால் நகர்த்தினான்.

"தின்னு! என் கண்ணு முன்னால தின்னு!"

"வேணாங்க."

"செத்துப்போயிடுவேடி!"

"போன தடவை நீங்க வாங்கிக் கொடுத்ததையெல்லாம் ஆசை ஆசையாத் தின்னேன். பிள்ளை பெருத்துச்சு. வழி கிடைக்காம மூச்சு முட்டிச் செத்துச்சு." அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "சின்னதாப் பிறக்கட்டுங்க. உசிரோட பிறந்தாப் போதும். பொறந்தப்புறம் நான் வளர்த்துக்க மாட்டேனா?"

அந்தச் சின்னஞ்சிறு சவத்தைத் துணியில் சுற்றித் தூக்கிப் போன கைகள் அவனுடையவை. அவள் எதிரே உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து, கண்ணீரோடு அவனே உண்ணத் தொடங்கினான்.

சுதந்திரம் வந்து ஊரெல்லாம் கொடி பறந்த நாள்களில் அவளுக்கு வலி கண்டது. அவள் வேண்டியபடியே பிள்ளை சுலபமாக வந்தது. ஒரு கையில் அடங்கும் பெண் குழந்தை, பூனைக்குட்டி போல அழுதது.

"அழுதுங்க! கேட்டீங்களா, அழுது!" என்று சிவகாமசுந்தரி சிரித்தாள்.

ரத்தம் நிற்கவில்லை. கடை முதலாளி காதர் மைதீனின் காரில் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். வழியிலேயே அவள் கை குளிர்ந்துவிட்டது.

சேதி கேட்டு வந்த மிஸ்ஸி வீட்டு வாசலில் நின்று சொன்னாள். "இவ்வளவு போனதுக்கு வேற பொம்பளைன்னா தாங்கியிருப்பா. இவ உடம்புல ரத்தம் எங்க இருந்துச்சு? எத்தனை தடவை சொன்னேன், சாப்பிட வைங்கன்னு!"

தேவதாஸ் சுவரோரம் ஒதுங்கினான்.

உள்ளே ஹலீமா விரலைப் பாலில் தோய்த்துக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். அது விரலைக் கவ்விக்கொண்டு விடவே மாட்டேன் என்றது.

"தம்பி, இங்க வந்து பாரேன். இத்தனூண்டு உடம்புக்கு என்னா பசி!"

அவன் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதான்.