அக்கா வீடு இருக்க வானுக்குள் படுத்த கதை

மூத்தவள் அபிராமி மெல்பேணுக்குப் படிக்கப் போவது உறுதியானதும் நான் வீட்டில் ஒரேயொரு கோரிக்கைதான் வைத்தேன். அவள் விமானம் ஏறுவதற்கு முன் மூன்று இரவுகள் நாங்கள் நான்கு பேர் மட்டும் எங்காவது இருக்க வேண்டும். வவுனியாவில் எங்கள் வீடு அப்போது சந்தைக்கடை மாதிரி இருந்தது. வழியனுப்பு விருந்து, அன்பளிப்பு, அறிவுரை என்று வருபவர்களுக்கு நடுவில் என் பிள்ளையோடு பத்து நிமிடம் இருந்து கதைக்க எனக்கு முறை வரவில்லை.

உள்ளேயே சமைத்துப் படுக்கக்கூடிய வாகனம், கம்பர் வான், என்ற யோசனை அவளுடையது. யாரோ வெளிநாட்டுக் குடும்பம் ஏரி ஏரியாக வானை நிறுத்திச் சமைத்துச் சாப்பிடுவதைப் போனில் பார்த்திருக்கிறாள். தீவுப்பகுதி என்ற யோசனை கணவருடையது. "எங்கட பக்கம் இல்லாத குளமோ, கடலோ?" என்று கேட்டார். அவருடைய ஊர் புங்குடுதீவு, மடத்துவெளி. அந்தக் கேள்விக்கு நான் ஓம் என்று தலையாட்டியதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

வான் கொழும்பிலிருந்து வந்தது. பின்பக்கம் மடித்து விரிக்கும் கட்டில், கேஸ் அடுப்பு, நாற்பது லீற்றர் தண்ணீர்த் தாங்கி, பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் துணிக்கூரை. நாள் வாடகை 22,000 ரூபாய், டீசல் நம் செலவு. ஆவணி மாதத்து வியாழக்கிழமை காலை 5.30க்குப் புறப்பட்டு 8.45க்கு யாழ்ப்பாணம் சேர்ந்தோம். பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை. இரண்டு பக்கமும் கடல்நீர் பளபளக்க, அபி கண்ணாடியைத் திறந்து கையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். இந்தப் பயணத்தில் நான் எரிச்சல்படாமல் இருந்த மணித்தியாலம் அது.

முதலில் குளங்கள். வரைபடத்தில் நீல நிறத்தில் இருந்த நான்கு குளங்களைக் குறித்து வைத்திருந்தேன். முதலாவதில் மாடுகள் படுத்திருந்தன. இரண்டாவதில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதைக் குளம் என்று நம்பவே ஏலவில்லை. ஆவணியில் தீவுப்பக்கத்துக் குளத்தில் தண்ணீர் இருக்காது என்பது பதினெட்டு வயது வரை அங்கே வளர்ந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கேட்டேன். "மாரியில வந்திருந்தா நிறைஞ்சிருக்கும்" என்றார். மாரியில் பிள்ளை மெல்பேணில் இருப்பாள்.

ஆகவே முதல் இரவு சாட்டிக் கடற்கரையில். அழகான இடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் காலம். துணிக்கூரையை விரித்து ஐந்து நிமிடத்தில் அது ஒரு பக்கம் கிழிந்தது. அடுப்பு பற்றவில்லை. பற்றியபோது சோற்றுக்குள் மணல். இரவு முழுக்க வான் ஆடிக்கொண்டே இருந்தது. சின்னவள் சாதனா, பன்னிரண்டு வயது, "அம்மா, நாங்கள் ஓடிக்கொண்டோ இருக்கிறம்?" என்று நித்திரையில் கேட்டாள். நான் அபியோடு கதைப்பதற்கென்று வைத்திருந்த இரவு நுளம்பு அடிப்பதில் போனது.

மறுநாள் குறிகட்டுவானில் வானை நிறுத்திவிட்டு நயினாதீவுக்குப் படகேறினோம். சாட்டியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் துறைக்குப் போகலாம், படகில் இருபது நிமிடம். கோயிலில் கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, மூன்று மணிக்குத் திரும்பினோம். ஒரு சிக்கலும் இல்லை. பயணத்தில் இந்தப் பகுதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கிறேன்.

வினை மடத்துவெளியில் தொடங்கியது. மாலை 4.30க்கு, நான் குறித்து வைத்த நாலாவது குளத்தடியில், மர நிழலில் வானை நிறுத்தினோம். நடுவில் ஒரு பாய் அளவுக்குத் தண்ணீர்கூட இருந்தது. நான் மகிழ்ந்துபோய்க் கதிரைகளை விரித்தேன். அந்த இடத்திலிருந்து நானூறு மீற்றர் தூரத்தில் என் மச்சாளின், அதாவது கணவருடைய ஒரே அக்காவின் வீடு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். இவர்களுடைய பழைய வீடும் அப்படித்தான் அக்காவுக்குப் போனது. அவர் ரொறன்ரோ போய், பழையதை இடித்து ஆறு அறையோடு புதுவீடு கட்டினார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் நிற்பார். மிச்ச நாள் பூட்டுத்தான்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். சொன்னால் வீட்டில் தங்கச் சொல்வார். தங்கினால் ஊர் முழுக்க வந்து இருக்கும். மூன்று இரவில் இன்னொன்றும் போய்விடும்.

தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க முன்பே சைக்கிளில் போன ஒரு அம்மா இறங்கி வந்தார். வானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு கணவரை அடையாளம் கண்டுகொண்டு, "தம்பி, கொக்காவோட என்ன பிரச்சினை?" என்று அக்காவைப் பற்றிக் கேட்டார்.

"ஒரு பிரச்சினையும் இல்லை."

"அப்ப ஏன் றோட்டில படுக்கிறியள்? காணிப் பிரச்சினையோ?"

அவர் போய் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அதே கேள்வி. கூடப்பிறந்தவளின் வீடு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்க, பெண்சாதி பிள்ளைகளோடு ஒரு மனிதன் குளத்தடியில் படுத்தால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்: வழக்கு நடக்கிறது. சுற்றுலா என்று நான் விளக்கியதை ஒருவரும் நம்பவில்லை. ஐந்து மணிக்கு ரொறன்ரோவிலிருந்து போன் வந்தது. அங்கே காலை ஏழரை.

"தம்பி, ஆறு அறை கட்டி வச்சிருக்கிறன். நீ போய்க் குளத்தடியில படுத்திருக்கிறாய். நான் என்ன குறை விட்டனான்?"

என் கணவர் யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். தபால் கந்தோரில் முப்பது வருடம் அப்படியே காலம் ஓட்டியவர். இப்போதும் "இல்லை அக்கா, இல்லை அக்கா" என்றே நின்றார். அக்கா அழுதுகொண்டே போனை வைத்தார். பத்து நிமிடத்தில் அக்கா வீட்டைப் பராமரிக்கும் தவம் அண்ணை கதவுத் திறப்புக் கோர்வையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. "எனக்கு ஏலாது" என்றேன். "பிள்ளை போகப்போறாள். இந்த வானுக்குள்ள நாங்கள் நாலு பேரும் படுக்கப்போறம்."

தவம் அண்ணை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, ஒண்டு செய்வம். வானை வளவுக்குள்ள விடுங்கோ. வீட்டு லைற் எல்லாத்தையும் நான் போட்டு விடுறன். சனம் நீங்கள் உள்ளுக்குப் படுத்திருக்கிறியள் எண்டு நினைக்கும். நீங்கள் வானுக்குள்ள படுங்கோ."

அப்படித்தான் செய்தோம். ஆறு அறையிலும் விளக்கெரியும் ஒரு மாளிகையின் முன்னால், மதிலுக்குள், வானின் பின்கதவைத் திறந்துபோட்டும் நான்கு பேர் உள்ளே வியர்த்துக்கொண்டு படுத்திருந்தோம். குளம் இல்லை, காற்று இல்லை. இதற்கு நாளுக்கு 22,000 ரூபாய். சிரிப்பு வரவில்லை எனக்கு. பிள்ளைகளுக்கு நன்றாக வந்தது.

காலையில் நான் பல் துலக்கியபடி நிற்க, போர்ட்டிக்கோக் கூரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மச்சாள், வானுக்குள்ளயோ படுத்தனீங்கள்?" கையிலிருந்த கோப்பை விழுந்துவிட்டது. கமரா. பேசுகிற கமரா. ரொறன்ரோவில் இருந்துகொண்டு மச்சாள் எங்களை இரவு முழுக்கப் பார்த்திருக்கிறார். லைற்றெல்லாம் போட்டு ஊரை ஏமாற்றினோம், ஏமாற்றியிருக்க வேண்டியவரைத் தவிர.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் கோபிக்கவில்லை. "நாலு பேரும் ஒண்டாப் படுத்திருந்ததைப் பாத்தனான்" என்று மட்டும் சொன்னார். விழுந்த கோப்பையைப் பொறுக்கிக்கொண்டு வானுக்குள் ஏறினேன்.

அன்று நெடுந்தீவு. வானைப் படகில் ஏற்ற முடியாது என்பது தெரிந்ததுதான், குறிகட்டுவானில் விட்டுவிட்டுப் போனோம். சோளகத்தில் கடல் கொந்தளித்து ஒரு மணித்தியாலத்தில் சின்னவள் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். அங்கே முச்சக்கரவண்டிக்கு 4,000 ரூபாய் பேசிக் குதிரைகள், பெருக்கமரம், பவளக்கல் மதில்கள் எல்லாம் பார்த்தோம். சாரதி நல்லவர். "குதிரை கிட்டப் போகாதேங்கோ, அதுகள் ஒருதரையும் மதியாதுகள்" என்றார். பின்னேரப் படகில் திரும்பினோம். மூன்றாவது இரவுக்கு ஊர்காவற்றுறைக் கடலோரத்தை நான் தெரிவு செய்து வைத்திருந்தேன். ஊருக்குத் தெரியாத இடம், ஒரு அக்காவும் இல்லாத இடம்.

வான் மடத்துவெளியைத் தாண்டும்போது அபி, "அம்மா, மாமி வீட்டை போவமா?" என்று மச்சாளின் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "ஏன்?" என்றேன். கணவர் என்னைப் பார்க்காமல் வானைத் திருப்பினார். நான் வாய் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

இருட்டும் நேரம். நான் வானுக்குள் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அபி போர்ட்டிக்கோப் படியில் கதிரை போட்டு, கமராவை அண்ணாந்து பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். கடைசி இரவும் என்னோடு இல்லை, ஒரு கூரையோடு. வெங்காயத்தை ஓங்கி ஓங்கி வெட்டினேன்.

"மாமி, போன முதல் மாசம் என்ன செய்தனீங்கள்?"

"வேலைக்குப் போனனான், வந்தனான். நான் சாப்பிட்டனானோ எண்டு கேக்க ஒருதரும் இல்லை. போன் எடுக்கக் காசில்லாத காலம், பிள்ளை."

"பயமாயிருந்ததோ?"

"ஓம். இப்பவும் சில நாள் இருக்கு. அப்ப இந்தக் கமராவைத் திறந்து பாப்பன். ஒண்டும் இருக்காது. தவம் அண்ணை முற்றம் கூட்டுவார். அது காணும்."

அபி கதிரையைக் கமராவுக்குக் கிட்ட இழுத்தாள். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு மாமி. அம்மாட்டச் சொல்ல ஏலாது. அவ உடைஞ்சு போவா" என்றாள்.

கத்தியை வைத்துவிட்டேன். மூன்று நாளாக நான் தேடி அலைந்தது இந்தக் கதைக்குத்தான். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. கோபமா, வெட்கமா என்று தெரியாமல் இறங்கிப்போய் அவளுக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில், யாராவது பார்க்கும்போது மட்டும் எரியும் கமராவின் சிறிய விளக்கு அணைந்தது. மச்சாள் தானாகவே போய்விட்டார். அன்று நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படியில்தான் கதைத்து, அழுது, பிந்திச் சாப்பிட்டோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல். தண்ணீருள்ள குளம் வேண்டுமென்றால் தை மாதத்தில் போங்கள். சோளகக் காலத்தில் துணிக்கூரையைத் தொடாதீர்கள். படகு நேரங்களை முதல் நாளே துறையில் கேட்டு வையுங்கள், காற்றைப் பொறுத்து மாறும். குடிதண்ணீரை யாழ்ப்பாணத்திலேயே நிரப்புங்கள், தீவுக் கிணறுகள் பலவற்றில் உவர். எங்கள் மொத்த ஓட்டம், வவுனியா போய்வர, 418 கிலோமீற்றர். தீவில் உங்களுக்குச் சொந்தக்காரர் வீடு இருந்தால், பூட்டிக் கிடந்தாலும், வானை நிறுத்த முன் ஒரு போன் எடுத்துவிடுங்கள். நாலு பேர் மட்டும் என்ற ஆசையை அவர்களிடமே நேராகச் சொல்லுங்கள். எங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

அபி போய் ஐந்து கிழமை. போவதற்கு முதல் நாள் தகப்பனைப் பிடித்து எங்கள் குசினிக்குள் ஒரு கமரா பூட்டுவித்துவிட்டுப் போனாள். நான் சண்டை பிடித்தேன். தலைமுடி கலைந்து, பழைய உடுப்போடு நிற்கும் இடத்தில் கமராவா? ஒருவரும் கேட்கவில்லை. காலை ஐந்து மணிக்கு நான் அடுப்பு மூட்டும்போது சில நாட்களில் அதன் விளக்கு எரியும். ஒரு சத்தமும் வராது, அவள் பார்ப்பாள், அவ்வளவுதான். எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் விளக்கு எரிகிற நாட்களில், ஊற்றிய தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போகாமல், குசினியிலேயே நின்று மெதுவாகக் குடிக்கிறேன்.