கல்லறையில் பக்கத்து வீட்டுக்காரர்

கல்லறைத் திருநாளுக்கு ஏலாக்குறிச்சிப் பக்கம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன நவம்பரில், திருநாளுக்கு முதல் நாள் போனேன். ஒன்பது வருடம் போகவில்லை. வேலை என்பதெல்லாம் சாக்கு. எங்கள் ஊர்க் கல்லறையில் பெயர் அழிந்த குழியைத்தான் அடுத்த சாவுக்குத் தோண்டுவார்கள். அதற்குள் அப்பா பெயரைத் திரும்ப எழுதிவிட வேண்டும்.

புதுச்சேரியில் காலை ஐந்து மணி பஸ், எட்டே முக்காலுக்குப் பெரம்பலூர். அங்கிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சிமென்ட் லாரிக்குப் பின்னால் மாட்டினால் இன்னும் கால் மணி. அரியலூரில் ஐம்பது மில்லி கறுப்பு பெயின்ட் 45 ரூபாய், பிரஷ் 20. “ஒரு பேருக்குத் தாராளமாப் போதும்மா” என்றார் கடைக்காரர். அடுத்த பஸ் திருமானூருக்கு, அங்கிருந்து ஊருக்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

நான் கல்லூரியில் பழைய பிரெஞ்சு இலக்கியம் நடத்துகிறவள். அந்த இடைக்காலக் கதைகளில் கல்லறை மூடியில் வெட்டிய எழுத்தைப் படித்துத்தான் உள்ளே இருப்பது யாரென்று வீரன் அறிவான். பெயர் போனால் செத்தவர் வெறும் மண் என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். பெயின்ட் டப்பாவோடு இறங்கும்போதும் அதே மிதப்புதான்.

வேலியோரக் கடைசிச் சிலுவை அப்பாவுடையது. புதிதாக வெள்ளையடித்து, ‘அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர்’ என்று எழுதியிருந்தது. வேறு யாரையோ புதைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பக்கத்துக் குழியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். செல்வராணி என்று பெயர்.

“பழைய பேரு அழிஞ்சு போச்சுங்க. யாரும் வரல. தோண்டிப்புடுவாங்கன்னு நாந்தான் வருசா வருசம் எழுதுறேன். எங்கம்மாவுக்குத் தொணை வேணாமா?”

“யாருன்னே தெரியாமலா?”

“பக்கத்து வூட்டுக்காரருன்னு தெரியுமேங்க!”

அழுகை வந்தது, அழுதேன். அதே பிரெஞ்சுக்காரர்கள் இன்னொரு கதையும் சொல்வார்கள். முன்பின் தெரியாத பிணத்தை ஒருவன் அடக்கம் செய்வான். பிறகு செத்தவனே வந்து அவனுக்கு ஒத்தாசை செய்வான். வகுப்பில் அதை எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

அப்பா பெயரை மேலே எழுதினேன். செல்வராணியின் வரியை அழிக்கவில்லை. கதையில்போல ஒத்தாசைக்கு அப்பாவால் வர முடியாது, மகள் இருக்கிறேனே என்று செல்வராணியுடைய அம்மாவின் சிலுவையில் பெயர் எழுத நகர்ந்தேன். ‘மரியம்’ வரை வந்தது, டப்பா காலி. மீதியைச் செல்வராணி தன் பெயின்டில் முடித்தார்.

திரும்ப மாலை நாலரைக்கே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள், கூட்டம் நெரியும். தண்ணீர் கொண்டுபோங்கள். பெயின்ட் மட்டும் நூறு மில்லியாக வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்கும் வேண்டும்.