நல்ல பீஸுக்கு எதுக்குப் பட்டன்?

எழுத்து எனக்குச் சரளமாக வராது. படித்தது அஞ்சாம் வகுப்பு. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. கோணல்மாணலாக இருந்தால் வழக்கம்போலப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கம்ப்யூட்டர் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள்... சம்பந்தம் இருக்கிறது.

என் மருமகள் செல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வீட்டிலிருந்தே பனியன் கம்பெனிகளுக்கு புரோகிராம் எழுதுகிறாள். எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு கம்பெனியில், தைத்த பனியன்களைக் குறை பார்க்கிற செக்கிங் மேசைக்கு அவள் எழுதியது போன வாரம் ட்ரையலுக்குப் போனது. தனியாளாக அவள் பிடித்த முதல் வேலை.

முதல் நாளே திணறிவிட்டது. பெண்கள் ஒரு பீஸை, அதாவது ஒரு பனியனை, பார்த்துத் திரையில் பட்டனைத் தட்டினால், திரை யோசித்து... யோசித்து... அப்புறம்தான் அடுத்த பீஸுக்கு வழி விட்டது. எட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். மேனேஜர் சத்தம் போடவில்லை.

"கையில கணக்கு எழுதற நம்ம பழைய நோட்டே தேவலைங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். அப்பறம் எடுத்துட்டுப் போயிருங்க."

குறை எங்கே என்று செல்விக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் புரியும்படி சொன்னாள்.

துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்போமா? முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். புரோகிராமிலும் அப்படித்தான் — பேர் கால்பேக். ஆனால் இவர் முடித்ததும் அவரைக் கூப்பிடு, அவர் முடித்ததும் இன்னொருவரைக் கூப்பிடு என்று நீண்டால், எழுதினவளுக்கே நூல் முனை கிடைக்காது. அதை நேர்வரிசையாக எழுத ஒரு கருவி இருக்கிறதாம். சுகமான கருவி. ஆனால் எங்கே நிறுத்தினோம், எங்கே திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு வேலைக்கும் அது உள்ளுக்குள் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளும். அந்தச் சீட்டு எழுதுகிற நேரம்தான் மேசையை நிறுத்தியது.

கருவியைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் கையால் எழுதினால்? ஒரு மாதம் ஆகும் என்றாள். இருப்பதோ அரை நாள்.

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். செக்கிங்கில் காலம் தள்ளியவள்தான் நான்; அந்த வேலை எப்படி என்று என்னிடம் கேட்டுத்தான் செல்வி எழுதியிருந்தாள். இருந்தாலும் புது இடத்தில் வாய் திறக்கக் கூச்சம். ஓரமாக நின்று மேசையைப் பார்த்தேன். பார்க்கிறார்கள், தட்டுகிறார்கள். பார்க்கிறார்கள், தட்டுகிறார்கள்...

செல்வியின் காதோரம் கேட்டேன். "ஏங்கண்ணு, நல்ல பீஸுக்கும் எதுக்குப் பட்டனத் தட்டறாங்க?"

"நீங்கதான அத்தை சொன்னீய? ஒண்ணொண்ணா பாத்துச் சொல்லணும்னு."

எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாஸ்தவம். ஆனால் வாய் திறப்பது டேமேஜுக்கு மட்டும்தான். ஓட்டை, கறை, தையல் விட்டது — அதைத் தனியே எடுத்துப் போடுவோம். நல்ல பீஸ் பேசாமல் பண்டில் என்கிற கட்டில் சேரும். பண்டில் முடிந்ததும் ஒரே ஒரு சீட்டு. மூச்சு விடுவதுபோலப் பழகிய விஷயமாயிற்றே... சொல்லவே மறந்திருக்கிறேன்.

பண்டிலுக்கு ஒரு சீட்டு என்றால் அது சுமையே இல்லை. பீஸுக்கு ஒரு சீட்டு என்றால்? வேலை செய்கிற நேரத்தைச் சீட்டே தின்றுவிடும்.

செல்வி அங்கேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். டேமேஜுக்கு மட்டும் பட்டன், பண்டில் முடிந்தால் ஒரு தட்டு என்று மாற்றினாள். அந்தப் பட்டன் துண்டை மட்டும் கருவி இல்லாமல், பழைய கால்பேக்காகக் கையால் எழுதினாள். டேமேஜ் போட்டோவை ஆபீசுக்கு அனுப்புகிற இடத்தில் கருவியைத் தொடவில்லை.

அதையும் எடுக்க வேண்டாமா என்றேன். "போட்டோ போய்ச் சேரவே அம்புட்டு நேரமாவும். அதுல ஒரு சீட்டு எழுதுறது யாருக்கு அத்தை தெரியப்போவுது?" என்றாள்.

சாப்பாட்டு பெல் அடித்தபோது மேசை ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு மேசைக்காரப் பெண்ணிடம் சொன்னார்: "அந்த நோட்டை எடுத்து உள்ள வெச்சிரும்மா."

சுகமான கருவி மந்தம் என்று யாராவது குறை சொன்னால், இனி நான் தைரியமாகக் கேட்பேன் — அதை எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்?

கால்பேக், கருவி என்று எதையாவது நான் மாற்றி எழுதியிருக்கக்கூடும். விவரம் தெரிந்தவர்கள் ஒருமுறை சரிபாருங்கள். தப்பு இருந்தால் மட்டும் சொன்னால் போதும்.

நல்ல பீஸுக்குச் சத்தம் கிடையாது.