தொப்புளுக்கு நேரே நூற்று நான்கு

குற்றச்சாட்டு: 2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு, எபினே-சூர்-செய்னில் ஒரு விடுதியின் இரண்டாம் மாடி அறையில், மணமகனுக்கும் அவனுடைய தோழர்கள் நால்வருக்கும் மணமகளின் தகப்பனுக்குமாக வாடகைக்கு எடுக்கப்பட்ட ஆறு ஸ்கொட்லாந்துக் கில்ட் உடைகளில் ஒன்றின் தோல்பட்டிகூட எவர் இடுப்பையும் சுற்றி எட்டவில்லை. வாடிக்கையாளர் கொடுத்த அளவு பிழை என்று வாடகைக் கடை எழுதியிருக்கிறது. கொடுத்த அளவு சரி. அளந்தவர் ஞானரட்ணம்.

இந்த வாசகங்களை ஞானரட்ணம் தன் கைப்பட எழுதி, பச்சை நிறக் கோப்பொன்றின் முதல் தாளாக வைத்திருக்கிறார். அவருடைய பொபினி வீட்டில் இப்படி நாற்பத்தொரு கோப்புகள் உண்டு. மன்னாரிலிருந்து பிரான்சுக்கு வந்த புதிதில், ஓர் அலுவலகத்தில் அவருக்கு மொழிபெயர்க்க வந்தவர் அவர் சொன்ன ஆண்டை மாற்றிச் சொல்லிவிட்டார். "நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள், இதோ எழுதியிருக்கிறது" என்று மேசைக்கு அப்பால் இருந்தவர் தாளைக் காட்டினார். இல்லை என்று நிரூபிக்க ஞானரட்ணத்தின் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. அந்தப் பிழையைத் திருத்த நான்கு ஆண்டுகள் போயின. அதற்குப் பிறகு அவர் படி எடுத்துக்கொள்ளாமல் எந்தத் தாளையும் எவர் கையிலும் கொடுத்ததில்லை. பிரெஞ்சு மொழியையும் அவர் பள்ளியில் படிக்கவில்லை. ஒப்பந்தங்களின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதை அகராதியோடு வாசித்தே கற்றார்.

பரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பத்தொன்பது ஆண்டுகளாக உடை திருத்தும் கடை வைத்திருக்கிறார். சாறிச் சட்டை தைப்பார், கோட்டுக்கு உள்துணி மாற்றுவார், காற்சட்டைக்கு இடுப்புப் பிடிப்பார். அந்தத் தெருவில் அவருடைய அளவை இரண்டாம் முறை சரிபார்த்தவர் எவரும் இல்லை. அதுதான் அவருடைய சொத்து.

மகள் சுஜானி கட்டவிருந்த ரோமனின் தாய் மோரா ஸ்கொட்லாந்துக்காரி. மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாரும் தன் தாய்வீட்டுக்கே உரிய கட்டம் போட்ட கம்பளிக் கில்ட் அணிந்து கத்தோலிக்கக் கோயிலுக்குள் வரவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. சம்பந்தி என்ற முறையில் ஞானரட்ணமும் ஒன்று அணிவதாக ஒத்துக்கொண்டார். செய்தி தெருவுக்கு எட்டியதும் எதிர்க்கடைச் சிவமணி படியேறி வந்தார்.

"என்ன ஞானம் அண்ணை, மாப்பிள்ளை பாவாடையோடை வாறாராம்?"

"பாவாடை இல்லையடாப்பா, கில்ட். எட்டு யார் துணி. உன்ரை மனுசி கட்டுற சாறியை விடக் கூட."

"உள்ளுக்கை ஒண்டும் போடுறேல்லையாமே? நீங்களும் அப்பிடியே?"

"நீ கலியாணத்துக்கு வா. குனிஞ்சு பாத்துச் சொல்லு."

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம் இருக்க, ஞானரட்ணம் இரண்டு வாரம் கில்ட்டைப் பற்றித் தேடித்தேடிப் படித்தார். காற்சட்டைக்கு இடுப்பு வேறு, கில்ட்டுக்கு இடுப்பு வேறு. காற்சட்டை வயிற்றுக்குக் கீழே நிற்கும். கில்ட்டைத் தொப்புளுக்கு நேரே இறுக்க வேண்டும். காற்சட்டையில் தைத்திருக்கும் இலக்கத்தை நம்பினால் எட்டுப் பத்துச் சென்ரிமீற்றர் குறைந்துபோகும். ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, ஆறு பேரையும் கடைக்கு வரச்சொல்லி, தானே நாடா பிடித்து அளந்தார். தன் வயிற்றையும் தானே அளந்தார். ரோமனுக்கு நூற்று நான்கு. அவனுடைய ஜீன்ஸ் சொன்ன இலக்கம் தொண்ணூற்று நான்கு. வாடகைக் கடையின் படிவத்தில் நீலப் பேனாவால் ஆறு பேருடைய அளவையும் எழுதினார். அடியில் கரித்தாள் வைத்து ஒரு படி எடுத்துக்கொண்டார். மறுநாள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்தக் கடை பரிசின் மேற்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு, மணியடித்தால்தான் திறக்கும். படிவத்தை வாங்கிய பெண் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், "யார் அளந்தது?" என்று கேட்டாள். தன் கடை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அவள் அதை வாசித்துவிட்டுப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகைக்கு மட்டும்தான் அவரிடம் படி இல்லை.

கில்ட்டுகள் திருமணத்துக்கு முதல் நாள் மாலை, கடை மூடும் நேரத்தில், உறைகளோடு ரோமனிடம் கொடுக்கப்பட்டன. அவன் நேரே விடுதிக்குக் கொண்டுபோனான். காலையில் உறையைத் திறந்தபோதுதான் விசயம் வெளித்தது. ஞானரட்ணம் நாடாவை எடுத்து ஆறையும் அளந்தார். ரோமனுடையது தொண்ணூற்று நான்கு. மற்றவையும் அதே கதை.

திருமணப் பூசைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. மனைவி அற்புதமலர் ஊசிப்பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"இஞ்சாருங்கோ, பட்டிக்குத் துண்டு போட்டு நீட்டுங்கோ. ஒரு மணித்தியாலம் காணும் உங்களுக்கு."

காணும். அவருக்குத் தெரியும். ஆனால் ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு, வாடகை உடையில் ஊசி படக்கூடாது, எழுத்துமூல அனுமதியின்றி எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்றது. அடியில் அவருடைய கையொப்பம். கடைக்கு அழைத்தார். அனுமதி கொடுப்பவர் சனிக்கிழமை வருவதில்லை என்றார்கள். மறுபடி அழைத்தார். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை. நூல் கோத்த ஊசியோடு அறை நடுவில் நின்றார்.

"கடதாசியைப் பாத்துக்கொண்டு நிக்கிறியளே, பிள்ளையின்ரை கலியாணமப்பா!" என்று அற்புதமலர் கத்தினாள்.

அவர் தைக்கவில்லை.

ரோமனும் தோழர்களும் கையில் அகப்பட்ட காற்சட்டைகளோடு கோயிலுக்கு வந்தார்கள். ஒருவன் ஜீன்ஸ். கோயில் வாசலில் மோரா ஞானரட்ணத்தின் முழங்கையைத் தொட்டு, மிக மென்மையாக, "காற்சட்டை அளவை எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது, பலரும் விடும் பிழைதான், கவலைப்படாதீர்கள்" என்றார். அவர் வாயைத் திறக்குமுன், மணக்கோலத்தில் நின்ற சுஜானி பிரெஞ்சில் சொன்னாள்: "மன்னித்துக்கொள்ளுங்கள் மோரா. அப்பாதான் அளந்தவர்."

அந்த ஒரு வாக்கியம் அவருடைய நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. மகள் தனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டாள், செய்யாத பிழைக்கு.

அடுத்த வாரமே கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் ஜூன் 27 அன்று வந்தது. "பெறப்பட்ட அளவுகள் காற்சட்டை அளவுகள். இந்த உடைக்குப் பழக்கமில்லாத வாடிக்கையாளர்களிடம் இது வழக்கம்." கூடவே, நல்லெண்ணத்தின் பேரில் வாடகையைத் திருப்பித் தரும் காசோலை. அதை வங்கியில் போடாமல் கோப்பில் குத்தினார். நல்லெண்ணமாம்!

கரித்தாள் படியைச் சுஜானியிடம் காட்டினார்.

"அப்பா, இது உங்கடை வீட்டுத் தாள்தானே. பிறகு எழுதினதெண்டு அவங்கள் சொல்லுவாங்கள்" என்றாள். பிறகு பிரெஞ்சில், "விடுங்கள், முடிந்துவிட்டது" என்றாள்.

"நீ என்ன சொல்லுறாய்? அவங்களை விடு. நீ?"

அவள் கைபேசியைப் பார்த்தாள்.

தெருவுக்கும் கதை வந்து சேர்ந்தது. பதினெட்டு ஆண்டு வாடிக்கைக்காரி ஒருத்தி சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பி, "அண்ணை, குறை நினையாதேங்கோ, ஒருக்காத் திருப்பி அளந்து பாருங்கோவன்" என்றாள். சிவமணி பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். பகிடியைவிட அதுதான் சுட்டது.

ஞானரட்ணம் நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தார். ஒருவருடைய உடலளவு அவருடைய தனிப்பட்ட தரவு. அதை வைத்திருப்பவரிடம் படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ரோமனிடம் கையொப்பம் வாங்கி, இருவர் பெயரிலும் ஜூலை 30 அன்று பதிவுத்தபால் அனுப்பினார். ஆகஸ்ட் 28 அன்று உறை வந்தது. அனுப்பியவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்.

அவருடைய படிவந்தான். நீலப் பேனாவில் நூற்று நான்கு. அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் தொண்ணூற்று நான்கு. ஆறு வரியிலும் அப்படியே. ஓரத்தில் ஒரு குறிப்பு: "லா சப்பல் தையற்காரர். அளவுகள் மிகை. தொலைபேசியில் மணமகனிடம் அனைவரின் ஜீன்ஸ் இலக்கமும் கேட்டு மாற்றப்பட்டது."

ரோமனைக் கேட்டார். ஓம், ஏப்ரலில் ஒரு பெண் அழைத்து ஜீன்ஸ் இலக்கங்களைக் கேட்டாள், படிவத்தில் ஏதோ விடுபட்டிருக்கும் என்று நினைத்து, தோழர்களைக் கேட்டும் உங்களுடையதை உத்தேசமாகவும் சொன்னேன், பிறகு மறந்துவிட்டேன் என்றான். பாவம், முகம் சிவந்துபோயிற்று.

சுஜானி கடைக்கு வந்து, நின்றபடியே அந்தத் தாளை வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்ப நீங்கள் சரியாத்தான் எழுதினனீங்கள்."

"ஓம்."

"அப்பா, அண்டைக்கு ஏன் தைக்கேல்லை?"

நாற்பத்தொரு கோப்பிலும் அதற்குப் பதில் இருக்கவில்லை. "கையெழுத்து வைச்சிட்டன், பிள்ளை" என்றார். அவள் தாளை மடித்து அவரிடம் நீட்டினாள். கோபமா, இரக்கமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "மோராவுக்கு நானே சொல்லுறன்" என்றாள்.

"நீ சொல்லாதை. பிழை விட்டவன் சொல்லட்டும்."

அன்று பின்னேரமே கடையைப் பூட்டிவிட்டு எழுத உட்கார்ந்தார். சுஜானி திருத்தித் தருவதாகச் சொன்ன பிரெஞ்சை அவர் திருத்த விடவில்லை. கடிதத்தின் கடைசிப் பகுதி இது:

"ஐயா, அம்மணி, உங்கள் ஏழாம் பிரிவை மதித்து, கையில் ஊசி இருந்தும், என் மகளின் திருமணத்தன்று உங்கள் துணியை நான் தொடவில்லை. நீங்களோ என்னைக் கேளாமல் என் அளவின்மேல் கோடு கிழித்தீர்கள். கிழித்ததை மறைத்து என்னைப் பழி சொன்னீர்கள். உங்கள் காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். நான் கேட்பது அதுவல்ல. 2025 ஏப்ரல் 9 அன்று ஞானரட்ணம் கொடுத்த ஆறு அளவுகளும் சரியானவை, அவற்றை மாற்றியது எங்கள் ஊழியர், ஜூன் 27 அன்று நாங்கள் எழுதியது பொய் என்று மூன்று பிரதிகளில் எழுதுங்கள். ஒன்று என் மகளுக்கு, ஒன்று என் சம்பந்திக்கு, ஒன்று என் கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு. தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்கமாட்டேன். இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், பொறுப்பானவரின் பெயரும் கையொப்பமும் இட்டு, எழுத்துமூலம் பதில் தருக."