சிமெண்டுத் தளம்

பன்றிகள் புரளும் சேற்றுக்குழியில் கடைசிச் சட்டி சிமெண்டுக் கலவையையும் கொத்தனாரைக் கொட்டச் சொல்லிவிட்டு மருமகன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். மூன்று வேலைகளை விட்டுவிட்டு மாமியாரின் பன்றிப் பண்ணைக்கு வந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"பன்னிக்கு வேர்க்காதுங்க மாப்பிள்ளை. சேத்துல புரண்டாத்தான் சூடு தணியும். இதுல ஒண்ணு சினையா வேற இருக்கு."

"அசிங்கத்தை எல்லாம் வைத்தியம்னு சொல்லாதீங்க அத்தை."

"சரிங்க. படிச்சவங்க, அதுகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

தளம் காய்ந்த மூன்றாம் நாள் உச்சி வெயிலில் சினைப்பன்றி வாய் திறந்து மூச்சிரைத்தது. ஈரமாக இருந்தது அதன் சாணமும் மூத்திரமும்தான். அதிலேயே புரண்டு கிடந்தது. மாமியார் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"என்ன அத்தை, இப்படி நாறுது?"

"நல்ல சேத்தை மூடிட்டீங்க. அதுக்கு மிச்சம் இருந்தது இதுதான். மூக்கைப் பொத்தினது போதும், வாளியைத் தூக்குங்க."

தூக்கினான். பாதித் தண்ணீர் அவன் காலிலேயே கொட்டியது. பொழுது சாயும்போதுதான் பன்றியின் மூச்சு சீரானது.

மறுநாள் காலையில் மாமியார் கடப்பாரையால் தளத்தைப் பெயர்த்தாள். பதினோரு மணிக்குக் குழியில் தண்ணீர் விட்டாள். பன்றி இறங்கிப் படுத்தது. மருமகன் கைக்குட்டையைத் துவைத்துக் காயப்போட்டான்.