எல்லாவற்றுக்கும் ஒரு ‘ம்’

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் கண் பரிசோதிக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் முதலாளி அவளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்தார். நாற்காலியில் உட்காருகிறவரின் மூக்கில் வெறும் சட்டத்தை மாட்டுவாள். ஒரு லென்ஸைச் செருகுவாள், எடுப்பாள், இன்னொன்றைச் செருகுவாள். “இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?” என்று கேட்பாள். அந்தக் கேள்வியிலேயே பலர் திணறிப்போவார்கள். படிக்காமல் பரீட்சைக்கு வந்த பிள்ளைகளைப் போல முழிப்பார்கள். அவளுக்கு இரக்கம் வந்துவிடும். “இதுதானே நல்லாத் தெரியுது?” என்று தானே எடுத்துக் கொடுப்பாள். “ஆமாமா, இதேதான்” என்பார்கள், கண்டம் தப்பினதுபோல. அடுத்த ஆள் உள்ளே வருவார்.

வீட்டிலும் அவள் அப்படித்தான். கட்டிக்கொண்டது லாரி ஓட்டுகிற ஒரு வாயில்லாப் பூச்சியை. கூட ஓட்டுகிறவர்கள் அவனை ‘சைலன்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்ததும் அவன் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள்.

“லோடு ஏத்த லேட்டாக்கிட்டாங்க, அதானே?”

“ம்.”

“முதுகு வலிக்குதுல்ல? வெந்நீர் வைக்கட்டுமா?”

“ம்.”

அவளுடைய அக்கா வந்திருந்தபோது இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “உன் வீட்டுக்காரருக்கு எதுக்குடி தனியா ஒரு நாக்கு? அதை வாடகைக்கு விட்டாலும் நாலு காசு வரும்!”

அவன் முழு வாக்கியம் பேசியது மகளிடம் மட்டும்தான். பாப்பா அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டால் போதும், எந்தப் பாலத்தில் நெரிசல், எந்தப் பெட்ரோல் பங்க்கில் மூன்று கால் நாய், சுங்கச்சாவடியில் யாருக்கும் யாருக்கும் கைகலப்பு என்று கொட்டித் தீர்ப்பான். சமையலறையில் இருந்தபடியே அவள் அதையெல்லாம் கேட்டுக்கொள்வாள். கணவன் போய்வந்த ஊர்களை அவள் அறிந்தது அப்படித்தான்.

இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பாப்பாவுக்கு ஒரு நாள் காலையில் காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல் என்றுதான் அவள் நினைத்தாள். கடைக்கு லீவு சொன்னாள், மருந்து கொடுத்தாள், நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மதியம் தாண்டியதும் பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். அவன் லாரியை வழியில் ஒரு ஓட்டலில் நிறுத்திவிட்டு, பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மறுநாள் ஆகியிருந்தது.

வருடம் திரும்பப் போகிறது. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். காலையிலேயே ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று அவன் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறானா? தன் பிள்ளையைக் கொன்றவளாக அவளைப் பார்க்கிறானா? அவனுடைய சோகம், அசதி, பசியின்மை எல்லாவற்றுக்கும் அவளே பெயர் சொல்லிப் பார்த்துவிட்டாள். எல்லாவற்றுக்கும் ‘ம்’ வந்தது. இந்த ஒன்றை மட்டும் அவள் எடுத்துக் கொடுக்கவேயில்லை. கொடுத்தால் இதற்கும் ‘ம்’ என்று சொல்லிவிட்டால்?

இதற்கிடையில் நெடுந்தூரத் தடம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான் அவன். போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாத தடம். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று இருவரும் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்வந்தார்கள். பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை. மூன்று நாற்காலிகள், ஒரு டிஷ்யூ பெட்டி. கீழே பல்லைக் குடைகிற சத்தம் தரை வழியாகக் காலில் ஏறும். ஆலோசகருக்கு எப்போதும் ஜலதோஷம். இவர்கள் ‘டாக்டரம்மா’ என்பார்கள், அவர் ‘நான் டாக்டர் இல்லீங்க’ என்பார், அடுத்த வாரமும் இவர்கள் ‘டாக்டரம்மா’ என்பார்கள்.

தினமும் நாலு வரி எழுதச் சொல்லி ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருந்தார். அவன் எழுதியதை வாசித்துக் காட்டினான்: “காலையில கிளம்பினேன். மழை. டீசல் போட்டேன். சரக்கு இறக்கினேன்.”

“சரி. அப்போ மனசுக்குள்ள என்ன இருந்துச்சு?”

அவன் யோசித்தான். அவனுக்கு யோசிக்க நேரம் பிடிக்கும். “இன்ஜின் சத்தம்” என்றான்.

“வெறுமையா இருந்துச்சுன்னு சொல்ல வர்றாரு, டாக்டரம்மா” என்றாள் அவள்.

“ம்” என்றான் அவன்.

ஆலோசகர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் நோட்டைக் கேட்டார். அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். ‘தாங்கொணாத் துயரம்’, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’, ‘மீளாத் துயில்’. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க. இதெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல பார்த்த மாதிரி இருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

அவளுக்குச் சுரீர் என்றது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பொருமினாள். “பெத்தவளுக்கு அழறதுக்குக்கூட ட்யூஷன் வைக்கணுமாம். அந்தம்மாவுக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும். என்னங்க, சரிதானே நான் சொல்றது?”

“ம்.”

ஆனாலும் அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். ‘துயரம்’ என்று எழுதினாள், அடித்தாள். ‘வேதனை’ என்று எழுதினாள், அதையும் அடித்தாள். எல்லாம் யாரோ போட்டுக் கழற்றிய சட்டைபோல இருந்தன. ரொம்ப நேரம் கழித்து ஒரு வரி வந்தது: ‘மருந்தை நான் மூடியில் சரியாக அளந்துதான் கொடுத்தேன்.’ அதைத் திரும்பப் படித்தாள். அடிக்கவும் மனம் வரவில்லை, மேலே எழுதவும் முடியவில்லை. நோட்டை மூடித் தலையணை உறைக்குள் திணித்துவிட்டாள்.

அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம் கடைக்கு ஒரு தையல்காரம்மா வந்தாள். கண்ணாடியை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

“இந்தாம்மா எக்ஸ்பிரஸ். இதைப் போட்டா பொத்தான் ஓட்டை ரெண்டு ரெண்டாத் தெரியுது. மாப்பிள்ளை கோட்டுல இடுப்புல வெக்க வேண்டியதை நெஞ்சுல வெச்சுத் தெச்சுட்டேன். என் மானம் போச்சு.”

“டெஸ்ட் பண்ணும்போது தெளிவாத் தெரியுதுன்னுதானேக்கா சொன்னீங்க?”

“நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்னே. நான் ‘ஆமா’ன்னேன்.” தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “நீ அவ்வளவு ஆசையாக் கேக்கறே. இல்லன்னு சொல்ல வாய் வருமா? பாவம், இந்தப் பொண்ணு மனசு நோகுமேன்னு தலைய ஆட்டிட்டுப் போனேன். தலைவலி மட்டும் என்னோடதாப் போச்சு.”

முதலாளி கல்லாவிலிருந்து சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. சட்டத்தை எடுத்து மாட்டினாள். ஒரு லென்ஸைப் போட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். தையல்காரம்மா முதல் எழுத்தைச் சொன்னாள், மூன்றாவது எழுத்தில் தடுமாறினாள், கண்ணை இடுக்கினாள். ‘இதுதானே’ என்று நுனி நாக்கு வரை வந்த வார்த்தையை இவள் விழுங்கிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு நிற்பது இத்தனை கஷ்டமான வேலை என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரியாது.

கடைசி முறையாக மேல்மாடிக்குப் போனார்கள். ஆலோசகர் அவனிடம், “இவ்வளவு தூரம் போறீங்களே, போறதுக்கு முன்னாடி இவங்ககிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல இவளுக்குள் பதில்கள் வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். கீழே பல் குடையும் சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்து, மறுபடி நின்றது. அவன் ஒருமுறை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். ஏன் இவள் இன்னும் பேசவில்லை என்று குழம்பினவன்போல இருந்தது முகம்.

“பொறாமை” என்றான்.

“என்னது?” என்றார் ஆலோசகர்.

“இவ மேல. பொறாமையா இருக்கு.” மறுபடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். “அந்த நாள் பூரா இவ பாப்பாகூட இருந்தா. எனக்கு அந்த நாள் கிடைக்கல. போயிட்டு வந்தா ஒண்ணுமில்ல. துணி மூடிக் கிடந்துச்சு. இதை எப்படி வெளிய சொல்றது? பெத்தவ மேல பொறாமைப்பட்டா அவன் மனுஷனா?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவனுக்காக எத்தனையோ சொற்களைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தவள். இது அவளுக்குத் தோன்றவேயில்லை.

“ஒண்ணு கேக்கணும்” என்றான் அவளைப் பார்த்து. “பொய் சொல்லாத. அன்னிக்குப் பாப்பா என்னைக் கேட்டாளா?”

கேட்டாள் என்று சொல்லிவிடலாம். ‘அப்பா எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டே இருந்தா’ என்று சொன்னால் போதும், வாழ்நாளெல்லாம் அதை வைத்துக்கொண்டு இருப்பான். மறுத்துச் சொல்ல அந்த நாளுக்கு வேறு சாட்சி இல்லை. அவனுடைய முகம் எந்தப் பதிலை விரும்புகிறது என்று அவளால் படிக்க முடியவில்லை.

“இல்லைங்க” என்றாள். “உங்களைக் கேக்கல.”

“ஒரு தடவைகூட?”

“இல்ல. பக்கத்து பெஞ்சுப் பொண்ணு ரப்பரை வாங்கிட்டுத் திருப்பித் தரலையாம். அதையேதான் சொல்லிட்டிருந்தா. ‘நாளைக்கு நான் போகலன்னா அவ மொத்தமாத் தேய்ச்சுத் தீத்துடுவாம்மா’ன்னா. அந்த வாசனை ரப்பர்.”

“நான் வாங்கிட்டு வந்ததா?”

“இல்ல. நான் வாங்கினது.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு ஏதோ ஆயிற்று. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். ஆலோசகர் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, தானும் ஒன்றை உருவிக்கொண்டார்.

“தினமும் வண்டில அவ என்னைக் கூப்பிடற மாதிரியே இருக்கும்” என்றான் கைகளுக்குள்ளிருந்து. “அப்பா அப்பான்னு கத்தற மாதிரி. நான் எங்கயோ டீ குடிச்சிட்டு உக்காந்திருந்த மாதிரி. கேக்கலையா? நிஜமாவே கேக்கலையா?”

“ரப்பரைத்தான் கேட்டா.”

“நல்லது” என்றான். பிறகு, “அதுவும் வலிக்குது” என்றான்.

படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். பல் ஆஸ்பத்திரி வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி, ஷட்டர் இறக்கிய ஒரு கடை முன்னால் அவள் நின்றுவிட்டாள்.

“நானும் ஒண்ணு கேக்கணுங்க. காலையிலேயே நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. அதுக்கு என் மேல...” மேலே சொல் வரவில்லை. வேண்டுமென்றே நிறுத்தியதல்ல. உண்மையாகவே வரவில்லை.

அவன் அவசரப்படவில்லை.

“இருந்துச்சு” என்றான். “முதல்ல ரொம்ப இருந்துச்சு. உன்கூட ஒரே பாய்ல படுக்க முடியாத அளவுக்கு. அதுக்காகவும்தான் இந்தத் தடத்தைக் கேட்டேன். அப்புறம் நானா இருந்திருந்தா என்ன பண்ணிருப்பேன்னு யோசிச்சேன். மருந்தைக் குடுத்துத் தூங்க வெச்சிருப்பேன். உன்னைவிட அதிக நேரம் தூங்க வெச்சிருப்பேன்.”

“இப்போ?”

“சில நாள் வருது. வந்தா சொல்லட்டுமா?”

இத்தனை நாள் அவள் பயந்தது இதற்குத்தான். வந்தேவிட்டது. அவள் விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு இருவரையும் உரசினாற்போலப் போயிற்று. அவன் அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

“சொல்லுங்க” என்றாள். “போன்லயாவது சொல்லுங்க.”

அவன் கையை எடுக்காமல் நடந்தான்.