டொக்டர் ஏசாத நாள்

எங்கள் ஊர் டொக்டர் நோயாளிகளை ஏசுவார். ஏசுவதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கி வந்தவர் என்று என் அப்பா சொல்லுவார். நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்து நெல்லியடிச் சந்தியில் இருந்து உள்ளே வரும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு. வீட்டின் முன்னறைதான் டிஸ்பென்சரி. வெளி விறாந்தையில் சுவரோரமாக நீள வாங்குகள் போட்டிருக்கும். முன்னறைக்குக் கதவு இருந்தது, ஆனால் அது மூடிக் கிடந்ததை நான் பார்த்ததில்லை. உள்ளே ஒருவருக்கு விழும் ஏச்சை வாங்கில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"காய்ச்சல் வந்து ஒரு கிழமை. இப்பத்தான் இஞ்சை வர வழி தெரிஞ்சதோ? மாட்டுக்கு வந்திருந்தா அண்டைக்கே ஓடியிருப்பீங்கள்!"

இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர், வீட்டிலிருந்து கொண்டுபோன வெறும் போத்தலில் சிவப்பு மருந்தை நிரப்பிக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே வருவார். வாங்கில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

"ஏசினவரோ?"

"ஓம், நல்லா ஏசினவர்."

"அப்ப ஒண்டுமில்லை. போய்க் கஞ்சியைக் குடிச்சிட்டுப் படுங்கோ."

அவர் ஏசினால் வந்த வருத்தம் சின்னது, உயிருக்குப் பயமில்லை. இதை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ தெரியாது. எங்கள் ஊரில் எல்லாரும் அதை நம்பினார்கள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. சந்திக்கு அருகில் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் இருந்தார். வயிற்றுக்குள் குத்துகிறது என்று போனவரை டொக்டர் கதிரையில் இருத்தி, மகளின் கலியாணம் எப்போது என்று விசாரித்து, படலை வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். அந்த வருடத்துப் புகையிலையை அவர் வெட்டவில்லை. அவருடைய மகன்தான் வெட்டினான்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். சண்டைக் காலம். மின்சாரம் இல்லை, சீனி இல்லை, கொழும்புக்குப் பாதையும் இல்லை. போக வேண்டியவர்கள் கிளாலியில் படகேறிக் கடலேரியைக் கடந்து போனார்கள். அந்த நாட்களில் டொக்டரும் மனைவியும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. மருந்து எடுத்துவரப் போயிருக்கிறார் என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள்.

அவர் இல்லாத நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது. விடும், பிறகு வரும். தாடைக்குக் கீழே ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் நொந்தது. அம்மா மல்லி அவித்துத் தந்தார், வீக்கத்துக்குப் பற்றுப் போட்டார். நான் சாப்பாட்டைத் தொடவில்லை. டொக்டர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்றே அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார். நாங்கள்தான் அன்றைக்கு முதல் ஆட்கள்.

அம்மா வழியெல்லாம் ஏச்சுக்குத் தயாராகிக்கொண்டு வந்தார். "பற்றுப் போட்டதைச் சொல்லாதை, கொல்லுவார்" என்று எனக்குச் சொல்லிவைத்தார். நான் வழக்கம்போல அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் உள்ளே போனேன்.

டொக்டர் ஏசவில்லை.

என்னை அருகே கூப்பிட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பற்றின் மஞ்சள் கறை அப்படியே இருந்தது, அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அம்மாவைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அம்மா. மருந்து தாறன், பாப்பம். பிள்ளைக்கு விருப்பமானதைக் குடுங்கோ."

அதைச் சொல்லும்போது அவருடைய கை என் தலையில் இருந்தது. அதற்குப் பிறகும் அவர் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அம்மாவின் முகத்தைப் பார்த்த எனக்கு, அம்மாவுக்கு அது கேட்கவில்லை என்று தெரிந்தது. வெளியே வாங்கில் இருந்தவர்கள் "ஏசினவரோ?" என்று கேட்டார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு படலையைக் கடந்தார்.

நான் புகையிலைத் தோட்டக்காரரை நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் எல்லாரும் என்னோடு அன்பாக இருந்தார்கள். அது பெரிய பயமாக இருந்தது. சீனி இல்லாததால் தேத்தண்ணீரோடு கடிக்கப் பனங்கட்டித் துண்டு ஒன்றுதான் ஆளுக்குக் கிடைக்கும். அக்கா தன்னுடைய துண்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே அக்கா அதற்கு முந்திய கிழமைதான் பனங்கட்டி களவெடுத்ததற்காக என் காதைத் திருகியிருந்தாள். அம்மா பனங்கட்டி வைத்திருந்த ஓலைக் குட்டானையே இறக்கி என் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். ஐயா சயிக்கிளைக் கவிழ்த்துவைத்து, தானே மிதியைச் சுற்றி, டைனமோவில் எனக்காக ரேடியோ போட்டுக் காட்டினார். நான் பனங்கட்டியைச் சூப்பிக்கொண்டு ரேடியோ கேட்டேன். சாகப்போகிறேனா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. அதைக் கேட்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

சிவப்பு மருந்தில் காய்ச்சல் குறையத்தான் செய்தது. அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. புகையிலைக்காரருக்கும் இடையில் சுகம்போல் இருந்ததாம்.

இப்படி இருக்கும்போது ஒரு பின்னேரம் பக்கத்து வளவு மாமா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அது சாதாரண விஷயம் இல்லை. மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எல்லை வேலியை அடைக்கும்போதெல்லாம் அவர் கதியால் தடிகளை எங்கள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி நடுவார் என்பது ஐயாவின் குற்றச்சாட்டு. அந்த வேலியால் இரண்டு வீட்டுக்கும் நெடுநாளாகப் பேச்சில்லை. மாமாவின் வலது கைப் பெருவிரலில் பெரிய வெள்ளைக் கட்டு.

ஐயா மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான்," என்றார் மாமா. "உந்த வேலிக் கதியாலை நீ சொன்ன இடத்திலையே நடு. நான் என்னத்தைக் கொண்டுபோகப் போறன்."

"எங்கை போகப் போறாய்?"

மாமா கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். "டொக்டரிட்டைப் போனனான். மெதுவாக் கதைச்சவர் மச்சான். கதிரையிலை இருத்தி, அண்ணை எண்டு கூப்பிட்டு, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ எண்டவர். அந்த மனுசன் என்னை அண்ணை எண்டு கூப்பிடுறதெண்டா..." தோள் சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மனுசிக்கு நான் இன்னும் சொல்லேல்லை."

அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தார்.

"அண்ணை, உங்களுக்குமோ?"

"ஏன், வேறை ஆருக்கு?"

நான் விறாந்தைத் தூணோடு நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐயா மட்டும் மாமாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரலிலை என்ன?"

"நகச்சுத்து."

"நகச்சுத்துக்கு ஆராவது செத்தவையோ?"

"அதுதான் நானும் யோசிச்சனான். ஆனா டொக்டருக்குத் தெரியாமலோ?"

ஐயா வாளியைக் கீழே வைத்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். ஐயா அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், கண்ணால் தண்ணீர் வழிந்தது. நகச்சுத்துக்கும் மெதுவாகப் பேசுகிறார் என்றால், அந்த மெதுவுக்கும் என்னுடைய வருத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. அது எனக்கே விளங்கியது.

மாமாவுக்குத்தான் கடைசியாக விளங்கியது.

"அப்ப நான் சாகப் போறேல்லையோ?"

"வேலியைத் தந்திட்டாய் எல்லே. இனி நூறு வயசுக்கு இரு," என்றார் ஐயா.

"அது... வேலிக் கதையைப் பிறகு பாப்பம்," என்று சொல்லிவிட்டு மாமா மெல்லப் படலைப் பக்கம் நடந்தார்.

அம்மாவுக்கு அது முழு நிம்மதியைத் தரவில்லை. "எண்டாலும் அவர் ஒருக்கா ஏசினாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்றார். அடுத்த நாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மாமாவும் விரலைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் வந்தார்.

டொக்டர் முன்னால் போய் நின்றதும் அம்மாவுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் ஒரே மூச்சாகச் சொன்னார்.

"ஐயா, நீங்கள் அண்டைக்கு எங்களை ஏசேல்லை."

"என்ன?"

"நீங்கள் ஏசினா ஒண்டுமில்லை. ஏசாட்டி தப்பாது எண்டுதானே எல்லாரும் சொல்லுறவை. பிள்ளைக்கு விருப்பமானதைக் குடுங்கோ எண்டும் சொன்னனீங்கள். வெளியிலை நிக்கிற அண்ணையும் நகச்சுத்தோடை சாக ஆயத்தமா இருந்தவர்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு இப்படி ஒரு நம்பிக்கை ஊரில் இருப்பது தெரியாது என்று நினைக்கிறேன். பிறகு என்னை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கரண்டிக் காம்பால் வாயைத் திறந்தார்.

"விருப்பமானது எண்டு என்ன குடுத்தனீங்கள்?"

"பனங்கட்டி," என்றார் அம்மா.

"பனங்கட்டியோ!"

அந்தச் சத்தத்துக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள்.

"கடவாய்ப்பல் சூத்தை, அதாலைதான் நெறி கட்டிக் காய்ச்சல், காய்ச்சல் விட்டவுடனை பல்லைப் பிடுங்க வேணும் எண்டு அண்டைக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லே?"

"எனக்குக் கேக்கேல்லை ஐயா. நீங்கள் மெதுவாச் சொன்னனீங்கள்."

"பிள்ளை சாப்பிடேல்லை எண்டீங்கள். இடியப்பமோ புட்டோ விருப்பமானதைக் குடுங்கோ எண்டன். சூத்தைப் பல்லுக்குப் பனங்கட்டி! நான் இப்ப இவன்ரை பல்லைப் பிடுங்கிறதோ, உங்கடை மூளையைப் பிடுங்கிறதோ?"

வெளி வாங்கிலிருந்து "தொடங்கிட்டார்!" என்று ஒரு குரல் மகிழ்ச்சியாகக் கேட்டது. அம்மா கைகட்டி, தலை குனிந்து, முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

அப்போது வீட்டின் உள்ளறையில் யாரோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. மெல்லிய சிரிப்பு, இருமலில் முடிந்தது. டொக்டர் ஏச்சை நிறுத்திவிட்டு உள்ளறைத் திரைச்சீலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னையதைவிடப் பெரிய குரலில் தொடங்கினார்.

"எங்கை அந்த நகச்சுத்து? உள்ளை வரச் சொல்லுங்கோ! விரல் நுனியிலை உயிரை வைச்சுக்கொண்டு திரியிற மனுசனை நானும் ஒருக்காப் பாக்கவேணும்!"

மாமா உள்ளே வந்தார். அவரைப்போல் ஏச்சு வாங்கியவர் எங்கள் ஊரில் முன்பும் இல்லை, பிறகும் இல்லை. டொக்டர் எங்களை விட்டுவிட்டுத் திரைச்சீலையைப் பார்த்துத்தான் ஏசுவதுபோல் இருந்தது. உள்ளே சிரிப்பு மறுபடியும் கேட்டது. காற்றுக்குத் திரைச்சீலை விலகியபோது நான் எட்டிப் பார்த்தேன். டொக்டரின் மனைவி சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். ஆள் நன்றாக மெலிந்து போயிருந்தார், கழுத்து வரைக்கும் போர்வை. பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அதில் ஒரு குலை கறுத்த முந்திரிகைப் பழம், தோலுரித்த தோடம்பழம், எங்கிருந்து கிடைத்ததோ, பிஸ்கட்டும் இருந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. என்னைக் கண்டதும் அவர் சிரித்தபடி கையை அசைத்தார். நான் வெட்கத்தில் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது அம்மா எதிர்ப்பட்டவர்கள் எல்லாருக்கும் சொன்னார். "நல்லா ஏசினவர். வாய் திறக்க விடேல்லை." மாமா வெற்றி பெற்றவர்போல் முன்னால் நடந்தார். வேலியை எங்கே நடுவது என்று வழியிலேயே மறுபடியும் கதைக்கத் தொடங்கிவிட்டார். பல்லைப் பிடுங்குவார்கள் என்ற பயத்தைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில்தான் எனக்கு அந்த மேசை நினைவுக்கு வந்தது.

"அம்மா, உள்ளை படுத்திருந்த டொக்டர் வீட்டு மாமிக்கும் அவர் விருப்பமானதெல்லாம் குடுத்திருக்கிறார். முந்திரிகைப் பழம், பிஸ்கட் எல்லாம் இருக்கு. அவ ஒண்டையும் தொடேல்லை. எனக்கு மட்டும் பனங்கட்டி கூடாதோ?"

அம்மா நின்றார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவ்வளவு நேரமும் சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தவர், வீடு வரைக்கும் ஒரு சொல்லும் பேசவில்லை.

பனங்கட்டி கேட்டதற்குத்தான் கோபம் என்று நான் நினைத்தேன்.